இரண்டு பெட்டைகளின் குஞ்சுகள், ஒரே கொட்டகை: பிழைத்தது ரத்தவழியாலா?

கால்வளையம் (கேள்வி)

மூன்று மாதமாக மனதை அரித்துக்கொண்டிருக்கும் விஷயம் இது. கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

என்னிடம் ஒரு சேவலும் இரண்டு பெட்டைகளும் இருந்தன. ஒரு பெட்டை சிவப்பு, இன்னொன்று கருப்பு. சிவப்பின் முட்டை பழுப்பு ஓடு, கருப்பின் முட்டை வெளுப்பு. அதனால் எந்த முட்டை எதனுடையது என்பதில் குழப்பமே கிடையாது. இரண்டு தடவை இன்குபேட்டரில் வைத்தேன், இரண்டு தடவையும் இருவர் முட்டையும் கலந்துதான். பொரித்த அன்றே சிவப்பின் குஞ்சுக்குச் சிவப்பு வளையம், கருப்பின் குஞ்சுக்குக் கருப்பு வளையம். வளர வளரப் பெரிய வளையமாக மாற்றிப் போட்டேன். பக்கத்துக்கு இருபது குஞ்சு. ஒரே கொட்டகை, ஒரே தீவனம், ஒரே தண்ணீர்.

பதினோராவது வாரம் ஒரு நாள் காலை சிவப்பு வளையம் ஒன்று எழுந்திருக்கவில்லை. ஒரு கால் முன்பக்கம் நீண்டிருந்தது, மற்றது பின்பக்கம். பார்வை தெளிவாக இருந்தது. தீவனத்தைக் கிட்டே கொண்டுபோனால் கொத்தித் தின்றது. சுளுக்கு என்று நினைத்துத் தனியே எடுத்து வைத்தேன். நான்காம் நாள் இறந்துவிட்டது. அதற்குள் இன்னும் இரண்டு படுத்துவிட்டன. அதில் ஒன்றுக்குக் கண் சாம்பல் பூத்ததுபோல் வெளிறி, நடுவில் இருக்கும் கண்மணி வட்டமாக இல்லாமல் ஓரம் பிசிறிப்போயிருந்தது.

அறுத்துப் பார்த்த மருத்துவர் தொடைக்குள் ஓடும் நரம்பை இரண்டு பக்கமும் பிரித்துக் காட்டினார். ஒரு பக்கம் மெல்லிய வெள்ளை நூல், குறுக்கே நுணுக்கமான கோடுகள். மறுபக்கம் அதே நரம்பு இரண்டு மடங்கு பருத்து, மங்கலான சாம்பல் நிறத்தில், கோடுகளே இல்லாமல் வழவழவென்று. மேரக்ஸ் என்ற வைரஸ் நோய் என்றார். தடுப்பூசியைப் பொரித்த முதல் நாளே போட்டிருக்க வேண்டும் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

இருபது வாரம் முடிந்தபோது கணக்கு இது: சிவப்பு வளையத்தில் 9 போயிற்று, கருப்பில் 2.

கருப்புப் பெட்டையின் ரத்தத்தில் ஏதோ இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் நண்பர் ஒருவர், "ஜீனாக இருக்க வேண்டும் என்று அவசியமில்லை, எபிஜெனிடிக்ஸாகவும், அதாவது ஜீன் எழுத்து மாறாமல் அதன் மேல் விழும் குறியாகவும் இருக்கலாம். அந்தப் பெட்டை முன்பு நோயைப் பார்த்து மீண்டிருந்தால் அந்த நினைவு குஞ்சுக்கும் போகும்" என்கிறார். எது சரி? பிழைத்த கருப்பு வளையங்களை வைத்து இனப்பெருக்கம் செய்தால் இந்தக் குணம் நிற்குமா?

---

நரம்புநூல்

நான் கால்நடை மருத்துவர். கோழிகளை அறுத்துப் பார்ப்பதிலேயே பாதி வாழ்க்கை போயிருக்கிறது. நீங்கள் வளையம் போட்டு வைத்ததற்கு முதலில் நன்றி. பெரும்பாலானவர்கள் "சிலது செத்தது, சிலது பிழைத்தது" என்று மட்டுமே சொல்வார்கள். அதை வைத்து ஒன்றும் பேச முடியாது.

இது வெறும் தற்செயலா என்று முதலில் பார்த்துவிடுவோம். நாற்பதில் பதினொன்று இறந்திருக்கிறது. சாவு தாயைப் பார்க்காமல் விழுந்திருந்தால், 9-க்கு 2 என்ற அளவோ அதைவிடப் பெரிய இடைவெளியோ வருவதற்கு 100-க்கு ஏறக்குறைய 3 வாய்ப்புதான். ஆகவே உங்கள் சந்தேகத்துக்கு இடமிருக்கிறது. ஆனால் ஒன்றைச் சரிபாருங்கள். மேரக்ஸ் சேவல்களைவிடப் பெட்டைகளைத்தான் அதிகம் தாக்கும். சிவப்பு வளையத்தில் பெட்டைக் குஞ்சுகள் கூடுதலாக இருந்தனவா?

அப்பா ஒன்றே என்பதால் வித்தியாசம் அம்மா வழியாகத்தான் வந்திருக்க வேண்டும். சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது. பெட்டை தன் குஞ்சுக்கு ஜீனை மட்டும் தருவதில்லை. மஞ்சள் கருவில் தன் எதிர்ப்புப் பொருளையும் வைத்து அனுப்புகிறது. மேரக்ஸ் வைரஸ் முட்டை வழியாகக் குஞ்சுக்குப் போகாது, ஆனால் அதற்கு எதிரான பொருள் போகும். அது ஏறக்குறைய மூன்று வாரம் குஞ்சின் உடலில் இருக்கும். இந்த நோயில் அந்த மூன்று வாரம் பெரிய விஷயம், ஏனென்றால் தொற்று எவ்வளவு சின்ன வயதில் வருகிறதோ அவ்வளவு மோசம். வைரஸ் இறகின் வேரில் வளர்ந்து, உதிரும் பொடியோடு கொட்டகைத் தூசியில் மாதக்கணக்கில் கிடக்கும். உங்கள் கருப்புப் பெட்டை முன்பே வைரஸைச் சந்தித்தது, சிவப்பு சந்திக்கவில்லை என்றால், ஜீனில் ஒரு எழுத்துகூட வேறுபடாமலே நீங்கள் பார்த்த முடிவு வரலாம். இரண்டும் எங்கே, எப்படி வளர்ந்தவை?

இனி ஜீனுக்கு வருகிறேன். ஹங்கேரியைச் சேர்ந்த யோசெஃப் மாரெக் இந்த நோயை 1907-இல் விவரித்தார். கால்நடை வைரஸ் நோய்களில் மரபுவழி எதிர்ப்பு இவ்வளவு தெளிவாகத் தெரிந்தவை குறைவு. கோழியின் எதிர்ப்பாற்றல் ஜீன் தொகுதியை பி தொகுதி என்பார்கள். அதில் பி21 என்ற வகை மேரக்ஸை நன்றாகத் தாங்கும், பி19 எளிதில் விழும். காரணம் எனக்கு எப்போதும் வியப்பாக இருக்கும். வைரஸின் துண்டுகளைச் செல்லின் மேற்பரப்பில் தூக்கிக் காட்டும் புரதம் ஒன்று உண்டு. மனிதருக்கு அதில் பல ரகம் வேலை செய்யும். கோழிக்குப் பெரும்பாலும் ஒன்றே ஒன்றுதான் மும்முரமாக வேலை செய்யும். அந்த ஒன்று சில துண்டுகளை மட்டுமே பிடிக்கும் வகையாக இருந்து, இந்த வைரஸின் துண்டு அதற்குள் பொருந்தாவிட்டால், கோழியின் காவல் செல்களுக்கு எதிரி உள்ளே வந்ததே தெரியாது. பி21-இன் புரதம் பல வடிவத் துண்டுகளைப் பிடிக்கும்.

உங்கள் கருப்புப் பெட்டையிடம் அப்படி ஒரு நல்ல பிரதி மட்டும் இருந்தால் அதன் குஞ்சுகளில் சுமார் பாதிக்குத்தான் அது போயிருக்கும். இரண்டு பிரதியும் நல்லதென்றால் எல்லாவற்றுக்கும் போயிருக்கும். அதனால் "பிழைத்தது எல்லாம் நல்ல ரத்தம்" என்று எடுத்துக்கொள்ள முடியாது.

கண்டுபிடிக்க வழி இருக்கிறது. சேவலை வைத்துப் பாருங்கள். பெட்டை ஜீனையும் தரும், மஞ்சள் கருவையும் தரும். சேவல் விந்தை மட்டும்தான் தரும். கருப்பின் மகன் ஒன்று, சிவப்பின் மகன் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் உறவில்லாத அதே பெட்டைகளோடு மாற்றி மாற்றிச் சேர்த்துவிடுங்கள். ஒரு சேவலை எடுத்துவிட்டு அடுத்ததை விடும்போது மூன்று வாரம் இடைவெளி வேண்டும். பெட்டையின் கருக்குழாயில் பழைய விந்து இரண்டு வாரத்துக்கு மேலும் உயிரோடு இருக்கும், அது கலந்தால் கணக்கே பாழ். குஞ்சுகளை ஒன்றாக வளருங்கள். கருப்பின் மகன் வழிக் குஞ்சுகள் தொடர்ந்து நன்றாக இருந்தால் மஞ்சள் கருவுக்கு அதில் பங்கில்லை.

ஆனால் தயவுசெய்து அந்தக் குஞ்சுகள் அத்தனைக்கும் முதல் நாளே தடுப்பூசி போடுங்கள். தடுப்பூசி தொற்றைத் தடுக்காது, கட்டியையும் பக்கவாதத்தையும்தான் தடுக்கும். அதனால் வேறுபாடு கொஞ்சம் மங்கலாகத் தெரியும், இன்னும் அதிகக் குஞ்சுகள் வேண்டியிருக்கும். பரவாயில்லை. ஒரு கேள்விக்கு விடை தேடுவதற்காக குஞ்சுகளைக் காலை நீட்டிக்கொண்டு சாக விடக்கூடாது.

---

பன்றிப்பண்ணை

மேடம் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். பிழைத்தது என்றால் எதிர்த்தது என்று பொருள் இல்லை. வைரஸைப் பெருகவே விடாத விலங்கு ஒன்று. வைரஸ் உடம்பு முழுக்க இருந்தும் நலிந்துபோகாத விலங்கு இன்னொன்று. முன்னது எதிர்ப்பு, பின்னது தாங்குதிறன். பட்டியில் நின்று பார்க்கும் நமக்கு இரண்டும் ஒரே மாதிரி கொழுகொழுவென்றுதான் தெரியும். ஆனால் தாங்கும் விலங்கு பக்கத்தில் நிற்பதற்கு வைரஸைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். நான் ஒரு காலத்தில் நன்றாகத் தின்ற பன்றிகளை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுத்தேன். ரத்தத்தில் வைரஸ் அளவைப் பார்க்க ஆரம்பித்த பிறகுதான் அதில் பாதி தவறு என்று புரிந்தது.

எங்களுக்குப் பெரிய எதிரி பிஆர்ஆர்எஸ் என்ற பன்றி வைரஸ் நோய். பன்றிக்குச் சினை கலைந்துபோகும், குட்டிகள் மூச்சுத்திணறிச் சாகும். இதில் இயற்கையாகவே இருக்கும் வேறுபாடு ஒன்றை 2012-இல் வெளியிட்டார்கள்: நான்காம் குரோமோசோமில் ஓரிடம். நல்ல பிரதி ஒன்று இருந்தாலே போதும், ரத்தத்தில் வைரஸ் குறையும், எடையும் கூடும். பிறகு அதை ஜிபிபி5 என்ற ஜீனோடு இணைத்தார்கள். ஒரு ஜீன் அவ்வளவு செய்வது அபூர்வம். பெரும்பாலான நோய்களில் நூற்றுக்கணக்கான ஜீன்கள் ஆளுக்குக் கொஞ்சம் கைகொடுக்கும், ஒன்றைத் தனியாகப் பிடித்துக்காட்ட முடியாது.

அதற்கு அடுத்த படி ஜீனைத் திருத்துவது. பிஆர்ஆர்எஸ் வைரஸ் செல்லுக்குள் நுழையப் பிடித்துக்கொள்ளும் கைப்பிடி சிடி163 என்ற புரதம். அதை எடுத்துவிட்ட பன்றிகளுக்கு வைரஸைக் கொடுத்தும் தொற்றவில்லை. எடின்பரோ ரோஸ்லின் ஆய்வுக்கூடத்தில் முழுப் புரதத்தையும் எடுக்காமல், வைரஸ் பிடிக்கும் அந்தத் துண்டை மட்டும் வெட்டினார்கள். புரதத்தின் மற்ற வேலைகள் நடக்கின்றன, நோய் மட்டும் வருவதில்லை. அமெரிக்காவின் உணவு, மருந்து ஆணையமான எஃப்டிஏ 2025-இல் இப்படிப்பட்ட பன்றிக்கு அனுமதி கொடுத்தது.

கைப்பிடியை அகற்றினால் எல்லாம் முடிந்தது என்று நினைத்துவிட வேண்டாம். கோழியிலும் அதே ரோஸ்லினில் செய்தார்கள், 2023-இல் வெளிவந்தது. பறவைக் காய்ச்சல் வைரஸ் பெருகுவதற்கு ஏஎன்பி32ஏ என்ற கோழிப் புரதத்தின் உதவி வேண்டும். அதில் இரண்டே இரண்டு இடத்தை மாற்றினார்கள். சாதாரண அளவு வைரஸ் கொடுத்தபோது பத்தில் ஒன்பது கோழிக்குத் தொற்றவில்லை. ஆயிரம் மடங்கு கொடுத்தபோது பாதிக்குத் தொற்றியது. அப்படித் தொற்றிய வைரஸ், அதே குடும்பத்தின் வேறு இரண்டு புரதங்களைப் பயன்படுத்தக் கற்றுக்கொண்டிருந்தது. ஒரே பூட்டை நம்பிக் கதவைச் சாத்துவது எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது.

---

கால்வளையம்

மேடம், குறிப்பேட்டைப் பார்த்தேன். சிவப்பு வளையத்தில் பெட்டை 11, சேவல் 9. கருப்பில் பெட்டை 10, சேவல் 10. அது பெரிய வித்தியாசம் இல்லைதானே?

ஆனால் நீங்கள் கேட்ட இரண்டாவது கேள்வி உதைக்கிறது. கருப்பு என்னிடமே குஞ்சாக வளர்ந்தது. சிவப்பை வளர்ந்த பெட்டையாக வேறிடத்திலிருந்து வாங்கினேன். வந்து ஐந்து வாரத்தில் முட்டை எடுக்க ஆரம்பித்துவிட்டேன். அப்படியென்றால் என் கொட்டகை வைரஸைக் கருப்புக்குத் தெரியும், சிவப்புக்குச் சரியாகத் தெரியாது. இதை நான் யோசிக்கவே இல்லை.

---

கன்றுத்தாய்

கால்வளையம், உங்கள் பதிவைப் படித்ததும் என் பழைய தவறு ஒன்று நினைவுக்கு வந்தது. கோழி இல்லை, மாடு. ஆனால் விஷயம் அதேதான்.

என்னிடம் ஒரு பசு. அதன் கன்றுகள் எல்லாமே சோப்ளாங்கியாக வரும். வயிற்றுப்போக்கு, சளி, வளர்த்தி இல்லை. அதில் ஒரு கிடாரி எப்படியோ தப்பி வளர்ந்து கன்று போட்டது, அதுவும் அப்படியே. பாட்டி, மகள், பேத்தி என்று மூன்று தலைமுறை. இதைவிடத் தெளிவான ரத்தவழிக் குறை உண்டா என்றுதான் எல்லாரும் சொன்னார்கள், நானும் நம்பினேன். கடைசியில் ஒருவர் காது நுனியில் துளி திசு எடுத்துப் பரிசோதிக்கச் சொன்னார். மூன்றுக்கும் பிவிடி என்ற மாட்டு வயிற்றுப்போக்கு வைரஸ்.

சினையின் முதல் நான்கு மாதத்துக்குள் இந்த வைரஸ் கருவைத் தொட்டால், கன்றின் எதிர்ப்பு மண்டலம் அப்போதுதான் உருவாகிக்கொண்டிருப்பதால், வைரஸைத் தன் உடம்பின் பாகம் என்றே எடுத்துக்கொள்ளும். வாழ்நாள் முழுக்க எதிர்க்காது, வாழ்நாள் முழுக்க மற்ற மாடுகளுக்குப் பரப்பும். அப்படிப்பட்ட பசு போடும் கன்று ஒவ்வொன்றும் அதே நிலையில்தான் பிறக்கும். ஜீனும் இல்லை, எபிஜெனிடிக்ஸும் இல்லை, ஆனால் பார்க்க அச்சு அசலாகப் பரம்பரை. அந்தப் பசுவை நான் பல வருடம் சபித்திருக்கிறேன். பாவம், அது என்ன செய்யும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கறவை வற்றி நிற்கும் கடைசி வாரங்களில் சினைப் பசு வெயிலில் வாடினால், பிறக்கும் கன்று எடை குறைந்திருக்கும். நல்ல சீம்பாலையே கொடுத்தாலும் அதிலிருக்கும் எதிர்ப்புப் பொருளை அதன் குடல் குறைவாகத்தான் உறிஞ்சும். மாட்டில் தாயின் எதிர்ப்புப் பொருள் நஞ்சுக்கொடி வழியாகப் போகாது, சீம்பால் ஒன்றே வழி, அதுவும் முதல் நாளுக்குள். அப்படிப் பிறந்த கன்றுகளின் கல்லீரலிலும் மடித்திசுவிலும் டிஎன்ஏ மேல் ஒட்டும் மெத்தில் குறிகள் மாறியிருந்ததை ஃபுளோரிடாவில் பார்த்திருக்கிறார்கள். உங்கள் நண்பர் சொல்லும் எபிஜெனிடிக்ஸ் இதுதானே? மேடம் விளக்கினால் நன்றாயிருக்கும்.

---

நரம்புநூல்

கன்றுத்தாய் அம்மா, அந்த மூன்று தலைமுறைக் கதையை என் மாணவர்களுக்குச் சொல்லப்போகிறேன்.

கால்வளையம், நேர்மையாகச் சொன்னீர்கள். உங்கள் பதில் மஞ்சள் கருவின் பக்கம் தராசைச் சாய்க்கிறது. ஐந்து வாரம் புது வைரஸுக்கு எதிர்ப்புப் பொருள் உருவாகப் போதும், ஆனால் சிவப்பு எப்போது வைரஸைச் சந்தித்தது, எவ்வளவு எதிர்ப்பை முட்டைக்குள் அனுப்பியது என்று இப்போது சொல்ல வழியில்லை. பெட்டை, சேவல் கணக்கு உங்களுக்குத் தொல்லை தராது.

எபிஜெனிடிக்ஸ் என்று எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறார்கள், எனக்கு அதுதான் கவலை. மஞ்சள் கருவில் வரும் எதிர்ப்புப் பொருள் எபிஜெனிடிக்ஸ் இல்லை. அது தாய் கட்டிக்கொடுத்த சோறு, மூன்று வாரத்தில் தீர்ந்துவிடும். எபிஜெனிடிக்ஸ் என்பது டிஎன்ஏ எழுத்தை மாற்றாமல், எந்த ஜீன் படிக்கப்பட வேண்டும், எது மூடியிருக்க வேண்டும் என்று குறித்து வைப்பது. மெத்தில் குறி ஒரு வகை. டிஎன்ஏ சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் உருளைகளில் ஒட்டும் குறிகள் இன்னொரு வகை.

மேரக்ஸிலேயே இதைப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ஈஸ்ட் லான்சிங்கில் உருவாக்கிய இரண்டு கோழி வழிகள் உண்டு, 6-ஆம் வழி, 7-ஆம் வழி. முதலாவது மேரக்ஸைத் தாங்கும், இரண்டாவது விழுந்துவிடும். இதில் வியப்பு என்னவென்றால் இரண்டுக்கும் பி தொகுதி ஒரே வகைதான், பி2. ஆக நான் முன்பு பெருமையாகச் சொன்ன பி தொகுதி இந்த வேறுபாட்டுக்குக் காரணமே இல்லை. இந்த இரண்டு வழிகளிலும் மெத்தில் குறிகளும் ஹிஸ்டோன் குறிகளும் வேறுபடுகின்றன, தொற்றுக்குப் பிறகு மாறும் விதமும் வேறு.

சரி, அந்தக் குறிதான் காப்பாற்றியதா? இங்கே நிதானம் வேண்டும். மண்ணீரலில் ஒரு துண்டு எடுத்து அளக்கிறோம் என்று வையுங்கள். நோய் முற்றும் கோழியில் அந்தத் துண்டில் டி செல்கள் என்ற வெள்ளணுக்கள் பெருகிக் கட்டியாகிக்கொண்டிருக்கும். நோயில்லாத கோழியின் துண்டில் செல்களின் கலவையே வேறு. செல்லுக்குச் செல் குறி வேறு என்பதால், கலவை மாறினாலே குறி மாறியதுபோல் தெரியும். காரணமும் விளைவும் அங்கே பின்னிக் கிடக்கின்றன. அதோடு, ஒரு குறி எங்கே ஒட்ட வேண்டும் என்பதையே பக்கத்து டிஎன்ஏ எழுத்து தீர்மானிக்கும் இடங்கள் நிறைய. அப்போது குறி வெறும் தூதன், ராஜா ஜீன்தான்.

அடுத்து, நினைவு குஞ்சுக்குப் போகுமா என்பது. ஒரே உயிரின் வாழ்நாளுக்குள் அப்படி ஒரு நினைவு உண்டு, அதில் சந்தேகமில்லை. காசநோய்க்கான பிசிஜி போன்ற தடுப்பூசியோ, பூஞ்சையின் செல்சுவரில் இருக்கும் பீட்டா குளூக்கானோ பட்ட வெள்ளணுக்கள், சம்பந்தமே இல்லாத அடுத்த கிருமிக்கும் வேகமாக எழும்பும். ஹிஸ்டோன் குறி மாற்றம்தான் அதற்கு அடிப்படை. கன்றுகளிலும் இதைப் பார்த்திருக்கிறார்கள். தலைமுறை தாண்டுவது வேறு கதை. பாலூட்டிகளில் கரு உருவாகும்போதும், பிறகு அந்தக் கருவுக்குள் விந்து, முட்டைக்கான செல்கள் உருவாகும்போதும் பெரும்பாலான மெத்தில் குறிகள் துடைக்கப்பட்டுப் புதிதாக எழுதப்படுகின்றன. வெயிலில் வாடிய சினைப் பசுவை எடுத்துக்கொண்டால், பசு, வயிற்றிலிருக்கும் கிடாரி, அந்தக் கிடாரிக்குள் ஏற்கனவே உருவாகிவிட்ட கருமுட்டை என்று மூன்று தலைமுறையும் அதே வெயிலை நேரடியாகவே பட்டுவிட்டன. நான்காவது தலைமுறையிலும் தெரிந்தால்தான் குறி கடந்து வந்தது என்று சொல்ல முடியும்.

ஆகவே உங்கள் நண்பர் சொன்னதை நான் முற்றாக ஒதுக்கவில்லை. ஆனால் ஜீன், மஞ்சள் கரு இரண்டையும் பிரித்துப் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகும் மிச்சம் ஏதாவது இருந்தால் அங்கே எபிஜெனிடிக்ஸைத் தேடலாம். வெயிலில் நிற்கும் சினைப் பசுவுக்கு நிழல் கொடுக்க மட்டும் எந்த ஆய்வுக்கும் காத்திருக்க வேண்டாம்.

---

கால்வளையம்

மேடம், பன்றிப்பண்ணை ஐயா, கன்றுத்தாய் அக்கா, மூவருக்கும் நன்றி. கருப்பின் வழியை மட்டும் வைத்துக்கொண்டு சிவப்பை முழுதாகக் கழித்துவிட இருந்தேன். நிறுத்திவிட்டேன்.

சிவப்புக்கு இப்போது என் கொட்டகை நன்றாகப் பழகியிருக்கும். அதன் முட்டையையும் கருப்பின் முட்டையையும் மறுபடி ஒன்றாக வைக்கிறேன், அது ஒரு கணக்கு. இரண்டு பெட்டைகளின் மகன்களையும் தனித்தனியே அடைத்துவிட்டேன். வேறிடத்திலிருந்து ஆறு பெட்டைகள் வருகின்றன, மூன்று வார இடைவெளி விட்டுச் சேர்க்கப் போகிறேன். தடுப்பூசிக்குச் சொல்லியாயிற்று, பொரிக்கும் நாளன்று கையில் இருக்கும்.

கொட்டகைத் தூசியை இன்று முழுக்கச் சுரண்டி எடுத்தேன். கூரைக் கட்டையின் மேல் விரல் தடிமனுக்கு இறகுப்பொடி படிந்திருந்தது. மேடம், அதை எரித்துவிடலாமா, இல்லை ஆழமாகப் புதைத்தால் போதுமா?

---

நரம்புநூல்

நனைத்துப் புதையுங்கள், உலர்ந்த பொடியைக் கிளறாதீர்கள். காற்றில் எழும்பினால் அது பரவுவதற்கு நீங்களே வழி செய்ததாகிவிடும். முகத்துக்குத் துணி கட்டிக்கொள்ளுங்கள், மேரக்ஸ் மனிதருக்கு வராது, ஆனால் அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. புதுக் குஞ்சுகளை முதல் சில வாரம் பெரிய கோழிகள் இருக்கும் பக்கமே கொண்டுபோக வேண்டாம். தடுப்பூசி பிடிக்க ஒரு வாரமாவது ஆகும், அதற்குள் தூசி முந்திக்கொள்ளக் கூடாது.

இந்தத் தடவை இறகு முளைக்கும் வேகத்தையும் எழுதி வையுங்கள், எந்தக் குஞ்சுக்குச் சிறகு சீக்கிரம் முளைக்கிறது, எதற்குத் தாமதம் என்று. தாமதமாக இறகு முளைக்கும் ஜீனுக்கு ஒட்டினாற்போல் ஒரு பழைய ரெட்ரோவைரஸின் (தன் ஜீனைக் கோழியின் டிஎன்ஏவுக்குள்ளேயே செருகிவிடும் வைரஸ்) எச்சம் பல கோழி வழிகளில் உட்கார்ந்திருக்கிறது. அது வேறொரு கட்டி நோயில், லிம்ஃபாய்ட் லூக்கோசிஸில், கோழியை எளிதில் விழவைக்கும். அந்தக் கட்டியும் மேரக்ஸ் கட்டியும் அறுத்துப் பார்க்கையில் கண்ணை ஏமாற்றும். இனி எது இறந்தாலும் இரண்டு தொடை நரம்பையும் படம் எடுத்து இங்கே போடுங்கள்.